எதற்காக அந்த அரை மணி நேரம்?

1990களின் தொடக்கத்தில் நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் ஆசிரியை மாலைதோறும் அரை மணி நேரத்துக்கு வாடகைச் சைக்கிள் எடுத்து ஓட்டி வந்தார். புதிய சைக்கிள் அன்று ரூ.1,200க்கு மேல் விற்றது. அதை வாங்க அவருக்கு வசதியில்லை. ஆகவேதான் வாடகை. அரை மணி நேரத்துக்குள் எந்த ஊருக்குப் போய் எந்தக் காரியத்தை முடித்துவிட முடியும்? ஓட்டுவதற்காகவே ஓட்டினார் என்பதுதான் உண்மை. அதில் ஒரு விடுதலை இருக்கிறது என்றும், இனி அதைத் தம்மால் விட முடியாது என்றும் அவர் சொன்னதாக, நாட்டுப்புற வறுமையைப் பற்றி 1996இல் வெளிவந்த தமது நூலில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

சிறிய செய்திதான். ஆனால் மார்க்க அக்கறையுள்ள ஒருவர் இதைக் கேட்டதும் அவருடைய உள்ளத்தில் என்ன கேள்வி எழும் என்பது நமக்குத் தெரியும். ‘இதனால் என்ன பயன்?’ என்பதே அந்தக் கேள்வி. காசும் போகிறது, நேரமும் போகிறது, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலுள்ள பொழுது அருமையான பொழுது, அந்த நேரத்தில் ஒரு திக்ரு செய்திருக்கலாம், ஒரு பக்கம் ஓதியிருக்கலாம். இப்படிக் கேட்பவரை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. அதற்குரிய விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து பிரித்து 1974 ஜனவரி 14ஆம் நாள் அமைக்கப்பட்டது புதுக்கோட்டை மாவட்டம். வானம் பார்த்த பூமி, கல்குவாரி, கிழக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கடலோர ஊர்கள் என்று அமைந்த மண் இது. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாலையில் வேலை முடிந்து வந்த பெண்கள் அரிக்கேன் விளக்கொளியில் ‘அ’, ‘ஆ’ எழுதக் கற்றுக்கொண்டார்கள். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு கொடுக்க ஊர் ஊராகச் செல்லும் பெண் தொண்டர்கள் பஸ்ஸையும் ஆண்களையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்று கருதி, சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அந்த இயக்கத்தின் ஒரு பாடமாகவே அவர் ஆக்கினார். கற்றவர்கள் கற்பித்தார்கள், அவர்கள் பிறருக்குக் கற்பித்தார்கள். 1992 மார்ச் 8ஆம் நாள், உலக மகளிர் தினத்தன்று, ஹாண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். நகரமே திகைத்து நின்றது. மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதாகச் சாய்நாத் கணக்குச் சொல்கிறார். வயல் வேலை செய்பவர்கள், குவாரியில் கல் உடைப்பவர்கள், கல் பட்டை தீட்டுபவர்கள், பால்வாடி ஊழியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தட்டுப்பட்டதால் பலர் ஆண்களின் சைக்கிளையே வாங்கினார்கள். குழந்தையை முன்னால் பாரில் உட்கார வைத்துக்கொள்ள அது வசதி என்று வேண்டியே வாங்கியவர்களும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள். தெருவில் ஏச்சும் பேச்சும் கேட்டார்கள். ஏசியவர்கள் வேற்றூரார் அல்லர், நம்மவர்கள்தாம். அவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பெண்களுக்காகப் பரிந்து பேச வருகின்றவர்கள் எல்லோரும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். சைக்கிளால் நேரம் மிச்சமாயிற்று. விளைபொருளை நாலு ஊர் கொண்டுபோய் விற்க முடிந்தது. தண்ணீர்க் குடத்தைச் சுமந்துவர முடிந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கணவனுக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. அத்தனையும் மெய். அதிலும், வீட்டு ஆண்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, வங்கிக்கும் வைத்தியருக்கும் தாமே அலைந்து திரிய வேண்டிய நம் பெண்களுக்கு இது எத்துணைப் பெரிய உதவி என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனை பயன்களையும் அடுக்கிய பிறகும் அந்த ஆசிரியையின் அரை மணி நேரம் வெளியே நிற்கிறது. அவர் குடம் சுமக்கவில்லை, சந்தைக்கும் போகவில்லை. பயன் என்னும் கதவு வழியாக அவரை உள்ளே அழைத்துவர நம்மால் இயலாது.

நாமோ ஒரு பழக்கத்துக்கு ஆளாகிவிட்டோம். மகிழ்ச்சி எதுவானாலும் அதன் கையில் ஒரு பயன்சீட்டு இருந்தால்தான் வாசலில் விடுவோம். நடைப்பயிற்சியா, சர்க்கரை குறையுமா, சரி. பேரப் பிள்ளையோடு விளையாட்டா, மனபாரம் குறையுமா, சரி. பூ வைத்துக்கொள்வதா, கணவருக்குப் பிடிக்குமா, சரி. அவளுக்கே பிடிக்கும் என்று சொன்னால் மட்டும் நமக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொள்கிறது.

இதற்குத் திருமறை என்ன சொல்கிறது? ‘அந்நஹ்ல்’ என்னும் 16ஆம் அத்தியாயத்தின் 5 முதல் 8 வரையிலான வசனங்களை வாசகர்கள் ஒருமுறை நிதானமாக ஓதிப் பார்க்க வேண்டுகிறோம். கால்நடைகளை அல்லாஹ் மனிதனுக்காகப் படைத்திருப்பதை அவை நினைவூட்டுகின்றன. குளிருக்கு அவற்றிலிருந்து கதகதப்பான ஆடை கிடைக்கிறது. வேறு பயன்களும் உண்டு. உண்ணவும் செய்கிறீர்கள் என்று பயன்களைச் சொல்லிக்கொண்டு வரும் திருமறை, அடுத்த வசனத்தில் சட்டென வேறொன்றைச் சொல்கிறது. மாலையில் அவற்றை ஓட்டிக்கொண்டு வரும்போதும், காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடும்போதும் அவற்றில் உங்களுக்கு அழகு இருக்கிறது என்கிறது. அதற்குப் பிறகு, நீங்கள் பெரும் சிரமமின்றிச் சென்றடைய முடியாத ஊர்களுக்கு உங்கள் சுமைகளை அவை சுமக்கின்றன என்று மறுபடியும் பயனுக்குத் திரும்புகிறது. எட்டாம் வசனம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நீங்கள் ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்துக்கும் அவை படைக்கப்பட்டன என்கிறது. நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்று முடிகிறது.

சுமை தூக்குவது ஒரு நிஃமத்து. கண்ணுக்கு அழகாயிருப்பது வேறொரு நிஃமத்து. இரண்டையும் இறைவன் தனித்தனியாகவே எண்ணிக் காட்டுகிறான். அழகுக்கு அவன் பயன்சீட்டுக் கேட்கவில்லை. கால்நடை அழகாயிருப்பதால் விலை கூடும், ஆகவே அழகு நல்லது என்று சொல்லவில்லை. அழகு இருக்கிறது உங்களுக்கு என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். இன்னொரு நுட்பத்தையும் விரிவுரையாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். காலையில் புறப்படுவதற்கு முன்னதாக மாலையில் திரும்புவதை வசனம் சொல்கிறது. ஏனெனில் அப்போதுதான் அவை வயிறு நிறைந்து, மடி கனத்து வருகின்றன. பார்க்கிறவனின் மனமும் நிறைகிறது. நம்மூர்ப் பக்கம் மாலை வெயிலில் புழுதி கிளப்பிக்கொண்டு ஆட்டு மந்தை ஊருக்குள் நுழையும்போது, மந்தைக்குச் சொந்தமில்லாதவனும் திண்ணையிலிருந்து ஒருகணம் பார்த்து நிற்கிறானே, அந்த ஒருகணத்துக்குத்தான் வசனம் பேசுகிறது. அதே அத்தியாயத்தின் 14ஆம் வசனமோ கடலைப் பற்றி வருகிறது. அங்கும் புதிய மீன் உண்ணக் கிடைப்பதோடு, அணிந்துகொள்ளும் ஆபரணத்தை வெளியே எடுப்பதும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

‘நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான்’ என்ற பகுதியில், பின்னாளில் வரவிருந்த வாகனங்கள் எல்லாம் அடங்கும் என்று இக்கால ஆலிம்கள் பலர் விளக்கம் தருகிறார்கள். அப்படியானால் சைக்கிளும் அடங்கும் அல்லவா? ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்துக்கும் என்ற இரண்டு நோக்கங்களும் அதற்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

இவ்விடத்தில் ஒருவர் குறுக்கிட்டு, பெண்கள் வாகனத்தில் ஏறலாமா என்று கேட்கக்கூடும். உடை, ஒழுக்கம், பயணம் ஆகியவற்றுக்கு மார்க்கத்தில் உரிய விதிகள் உண்டு. அவற்றை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஏறுவதே குற்றம் என்பது நாமாகக் கட்டிய கதை. ஒட்டகத்தில் ஏறிய பெண்களுள் குறைஷியரின் நல்ல பெண்களே சிறந்தவர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒட்டகத்தை விடச் சைக்கிள் தாழ்வானது; விழுந்தாலும் அடி குறைவு.

நிற்க. நியாயமான அந்தக் கேள்வியாளரை நாம் மறந்துவிடக் கூடாது. இவ்வுலக வாழ்வை விளையாட்டு, வேடிக்கை, அலங்காரம் என்று அதே திருமறைதானே 57ஆம் அத்தியாயத்தில் எச்சரிக்கிறது? மகிழ்ச்சியைத் தேடத் தொடங்கினால் அதற்கு எல்லை எங்கே? ஸாலிஹான முன்னோர்கள் உலக இன்பங்களைத் துறந்துதானே உயர்ந்தார்கள்?

இந்த வாதத்துக்கு ஒரு ஹதீஸே போதுமான பதிலாக இருக்கிறது. பலரும் கேட்டிருப்பீர்கள்; ஆயினும் அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒருவர் இருக்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மான் ஃபார்ஸி (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகிய இருவரையும் சகோதரர்களாக்கி வைத்தார்கள். ஒருநாள் ஸல்மான் (ரலி) தம் சகோதரரைக் காண வீட்டுக்கு வந்தார்கள். வீட்டு அம்மையார் உம்முத்தர்தா (ரலி) அவர்கள் நல்லாடை இன்றி, தம்மைப் பேணிக்கொள்ளாத நிலையில் இருக்கக் கண்டு, என்ன இது என்று கேட்டார்கள். உம்முடைய சகோதரருக்கு இவ்வுலகில் எந்தத் தேவையும் இல்லை என்று அந்த அம்மையார் விடையளித்தார்கள்.

அந்த ஒரு வார்த்தையில் எத்தனை ஆண்டு மௌனம் அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கணவரைக் குறை கூறவில்லை. தமக்கு ஏதும் வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவருக்குத் தேவையில்லை என்று மட்டும் சொன்னார்கள். ஸல்மான் (ரலி) அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பிறகு நடந்தது யாவரும் அறிந்ததே. உணவு வைத்த அபுத்தர்தா (ரலி), தாம் நோன்பு என்றார்; நீர் உண்ணாமல் நானும் உண்ண மாட்டேன் என்று ஸல்மான் (ரலி) சொல்ல, இருவரும் உண்டார்கள். இரவில் தொழ எழுந்தவரை உறங்கச் சொன்னார்கள். மறுபடி எழுந்தவரை மறுபடியும் உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைப்பகுதியில் எழுப்பி, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். உம் இறைவனுக்கு உம்மீது உரிமை இருக்கிறது, உம் உடலுக்கும் இருக்கிறது, உம் குடும்பத்துக்கும் இருக்கிறது. உரியவருக்கு உரியதைக் கொடும் என்று அறிவுரை கூறினார்கள். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள்.

துறந்தவர் கணவர். துறவின் விலையைக் கொடுத்தவர் மனைவி. இதைத்தான் நாம் கவனிப்பதில்லை. நம் வீடுகளிலும் ‘நமக்கெதற்கு இதெல்லாம்’ என்ற சொல் பெரும்பாலும் ஒருவர் சொல்ல, இன்னொருவர் இழப்பதாகவே இருக்கிறது. தாம் வேண்டாம் என்று விட்டதை மற்றவரையும் விடச் செய்கிறவரைப் பற்றுற்றவர் என்று புகழ நமக்கு மனமில்லை.

துறவுக்கும் உண்மையான இடம் உண்டு; அது தன் பங்கைத் தான் விடுவது. அடுத்தவர் பங்கை விட்டுக்கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. 28ஆம் அத்தியாயத்தின் 77ஆம் வசனம் மறுமையைத் தேடும்படி ஏவிவிட்டு, உலகில் உனது பங்கை மறந்துவிடாதே என்கிறது. அங்கும் ‘பங்கு’ என்றே சொல்லப்படுகிறது. பங்கு என்றால் அளவு உண்டு. அளவு உண்டு என்றால் பிறருக்கும் அதில் பங்கு உண்டு.

ஆண்களாகிய நம் பங்கு எங்கே போகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இஷா முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோமே, அதற்கு என்ன பயன்? டீக்கடை பெஞ்சில் ஒரு கிளாஸ் டீயை அரை மணி நேரம் ஆற்றிக் குடிக்கிறோமே, அதற்கு என்ன பயன்? சிறு வயதில் கால் எட்டாத சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, வாடகைக் கடையில் மணிக்கணக்குக்கு எடுத்து ஊர்சுற்றினோமே, அன்று எந்தப் பெரியவர் வந்து ‘இதனால் என்ன பயன்?’ என்று நம்மைக் கேட்டார்? பையன் என்றால் அப்படித்தான் என்று விட்டார்கள். பிள்ளைகளின் விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்திலேயே வாட்டினால் அவர்களின் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். அந்த இரக்கம் நமக்குக் கிடைத்தது. நம் சகோதரிகளுக்கு எந்த வயதோடு அது நின்றுபோயிற்று என்று அவரவர் தம் வீட்டை எண்ணிப் பார்க்கலாம்.

எல்லை எங்கே என்ற கேள்விக்கு நெடிய பதில் தேவையில்லை. ஹராமானது ஹராம்தான், வீண்விரயமும் அவ்வாறே, தொழுகையையும் கடமையையும் விழுங்கும் இன்பம் இன்பமன்று. ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செலவு கூடினால் இன்பம் கூடும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறோம். ஆயிரம் பேருக்குச் சோறு போட்டு, வீட்டார் ஒரு வாய் நிம்மதியாக உண்பதில்லை. வெளிநாட்டுப் பணத்தில் மாடி மேல் மாடி எழுப்பி, அதில் குடியிருக்க ஆளில்லாமல் பூட்டி வைக்கிறோம். இன்றைக்கோ கையில் செல்போன் வந்து, விரலால் தள்ளித் தள்ளி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. இவையெல்லாம் இன்பத்தின் மிகுதி அல்ல, அது இல்லாமையே. நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். அரிசியும் பருப்பும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய எளிய கஞ்சி. ஏழையும் பணக்காரனும் பள்ளிவாசலில் ஒரே சட்டியிலிருந்து வாங்கிப் பருகுகிறார்கள். அந்த முதல் வாய் தொண்டையில் இறங்கும்போது வரும் சுகத்தை எந்தப் பிரியாணி தரும்? நோன்பாளிக்கு இரண்டு மகிழ்ச்சிகள் உண்டு, ஒன்று நோன்பு திறக்கும்போது, மற்றொன்று தன் இறைவனைச் சந்திக்கும்போது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். கஞ்சியின் மகிழ்ச்சியை இறைவனைச் சந்திக்கும் மகிழ்ச்சியோடு ஒரே மூச்சில் சொன்னார்கள். நாமாக இருந்தால் முதலாவதைச் சொல்லக் கூச்சப்பட்டிருப்போம்.

அப்படியே மறுமையின் விசாரணைக்கு வருவோம். ‘அத்தகாஸுர்’ அத்தியாயத்தின் இறுதி வசனம், அந்நாளில் நீங்கள் அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றிக் கட்டாயம் கேட்கப்படுவீர்கள் என்று அறிவிக்கிறது. இந்த வசனத்தைச் சொல்லித்தான் இன்பங்களை விட்டு ஒதுங்குமாறு மேடைகளில் அச்சுறுத்துகிறார்கள். ஆனால் இக்கேள்வியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிய சூழ்நிலையைப் பாருங்கள். ஒருநாள் பசி தாளாமல் அவர்களும் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் நல்ல தண்ணீர் கொண்டுவரச் சென்றிருந்தார். திரும்பி வந்ததும், இன்று என்னை விடச் சிறந்த விருந்தாளிகளைப் பெற்றவர் யாருமில்லை என்று மகிழ்ந்து, செங்காயும் கனியும் உலர்ந்ததுமாக ஒரு பேரீச்சங்குலையைக் கொண்டுவந்து வைத்தார். ஆடறுத்தும் விருந்து படைத்தார். வயிறார உண்டு, தண்ணீர் பருகி முடிந்த பிறகு, இந்த அருட்கொடையைப் பற்றியும் மறுமையில் கேட்கப்படுவீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பசி உங்களை வீட்டை விட்டு வெளியேற்றியது, வயிறு நிறைந்து திரும்புகிறீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

உண்ணாதீர்கள் என்று சொல்லவில்லை. உண்ட பிறகு சொன்னார்கள். எதைப் பற்றிக் கேட்கப்படுவோமோ அதைப் பற்றி நமக்கு நினைவாவது இருக்க வேண்டாமா? தண்ணீரின் குளிர்ச்சியை உணராமல் குடித்தவன், கஞ்சியின் சுவை தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டே விழுங்கியவன், அந்நாளில் என்ன பதில் சொல்வான்? கிடைத்ததே தெரியாதவன் நன்றி செலுத்தியிருக்க முடியாது. சுவைத்தவனால் மட்டுமே ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பதை உள்ளத்திலிருந்து சொல்ல இயலும். இவ்வகையில் பார்த்தால், அன்றாட வாழ்வின் சிறு இன்பத்தை உணர்ந்து அனுபவிப்பது ஷுக்ரின் முதற்படி. அதைத் தவிர்த்துவிட்டு ஷுக்ருக்கு வேறு வாசல் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. மனம் நொந்தவர்களைச் சோதிக்கும் மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளுள், வழக்கமாகச் செய்கிற காரியங்களில் உங்களுக்கு நாட்டமும் இன்பமும் குறைந்துவிட்டதா என்பதும் ஒன்று. ஆம் என்றால் அதை ஓர் நோயின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நாம் அதே நிலையைப் பல சமயம் பக்தி என்று பெயரிட்டு வாழ்த்தி வருகிறோம். கவலையை விட்டும் துயரத்தை விட்டும் இறைவனிடம் பாதுகாவல் தேடும் துஆவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதிகமாக ஓதி வந்தார்கள் என்பதை ஏனோ அப்போது நினைப்பதில்லை.

இனி அந்த ஆசிரியைக்குத் திரும்புவோம். அவர் ஓட்டிய அரை மணி நேரத்தை எப்படி அளப்பது? அதற்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டிலேயே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க விரும்பினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது மேலாடையால் மறைத்துக்கொண்டு நின்று, அன்னையார் பார்க்க இடம் தந்தார்கள். எவ்வளவு நேரம்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அலுத்துப் போகும் வரைக்கும். விளையாட்டில் ஆசையுள்ள இளம்பெண் எவ்வளவு நேரம் பார்த்திருப்பாள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என்று பிற்காலத்தில் அந்த அன்னையாரே சொல்லியிருக்கிறார்கள். வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலம். ஓர் உம்மத்தின் பொறுப்பெல்லாம் தலைமேல் இருந்த ஒருவர். அவர் கால் வலிக்க நின்றார். போதும் என்று சொல்லும் உரிமையை மகிழ்கிறவரிடமே விட்டார்கள். கடிகாரத்திடம் விடவில்லை, தம்மிடமும் வைத்துக்கொள்ளவில்லை.

புதுக்கோட்டையில் இன்று வாடகைச் சைக்கிள் கடைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அன்று சைக்கிள் கற்ற பெண்களின் பேத்திகள் ஸ்கூட்டரில் போகிறார்கள். அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைக்குச் சைக்கிளை அரசே கொடுக்கிறது. அறந்தாங்கிச் சாலையிலோ மணமேல்குடிப் பக்கமோ முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியில் போகும் பெண்ணை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மட்டில் ஏசியவர்கள் தோற்றார்கள். ஆனால் அவள் வேலையாகப் போவதால்தான் விட்டிருக்கிறோம். வேலை முடிந்து, வண்டியைத் திருப்பாமல், கடற்கரை வரை சும்மா ஓட்டிப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தேன் என்று வீட்டில் சொன்னால் என்ன முகம் காட்டுவோம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய முகம் ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. ஒரு பயணத்தில் அவர்கள் உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை ஓட்டப் பந்தயத்துக்கு அழைத்தார்கள். இளமையும் மெலிந்த உடலும் கொண்ட அன்னையார் முந்திவிட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. காலம் சென்றது. அன்னையாரின் உடல் சற்றுக் கனத்தது. அந்தப் பந்தயத்தை அவர்கள் மறந்தும் போனார்கள். மற்றொரு பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுபடியும் கூட்டத்தை முன்னே அனுப்பிவிட்டு, வா, ஓடுவோம் என்றார்கள். இம்முறை அவர்கள் முந்தினார்கள். சிரித்துக்கொண்டே, அதற்கு இது ஈடாயிற்று என்றார்கள். அன்னையார் மறந்துவிட்ட அந்தப் பழைய ஓட்டத்தை, இடையில் எத்தனையோ பொறுப்புகளைச் சுமந்த அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.